கிழங்கு கழுவிய நீரில் நெருப்பு

அரிசி களைந்த நீரைக் கழுநீர்ப் பானையில் ஊற்றி வைத்தால் மறுநாள் புளித்துவிடும். மூன்றாம் நாள் பக்கத்தில் போக முடியாது. அதற்குமேல் எத்தனை நாள் வைத்திருந்தாலும் புளிப்பும் வாடையும்தான் மிஞ்சும். அடுப்பெரிக்க உதவும் வாயு அதிலிருந்து வராது. அதே கழுநீரை மாட்டுக்கு வைத்துப் பாருங்கள். மாடு அதைக் குடித்துவிட்டு அசைபோடுகிறது. தீவனத்தோடு சேர்ந்து அது வயிற்றில் நொதிக்கிறது, மாடு மீத்தேனை ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கறவை மாடு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் மீத்தேனை இப்படி வெளியேற்றுகிறது. மீத்தேன் நன்றாக எரியும் வாயு.

பானையில் புளித்து நின்றுபோன வேலை மாட்டின் வயிற்றில் எப்படி முடிகிறது? கல்வராயன் மலையடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர்ச் சிக்கலும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறினால் வெள்ளிமலை வரும். கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் அது. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைவித்த சரிவுகளில் இன்று மரவள்ளி நிறைய நிற்கிறது. குச்சியை நட்டுவிட்டால் வானம் பார்த்த நிலத்திலும் தாக்குப்பிடித்துப் பத்து மாதத்தில் கிழங்கு தரும் பயிர் அது. பிடுங்கிய கிழங்கு லாரியேறிச் சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்கு இறங்குகிறது. மலையின் நீரும் அதே திசைகளில்தான் இறங்குகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் கோமுகி ஆறாக, சேலம் பக்கம் கரியகோவில் ஆறாகி வசிஷ்ட நதியில் சேர்ந்து, கடைசியில் எல்லாம் வெள்ளாற்றுக்குப் போகிறது. மலையிலிருந்து வந்த கிழங்கும் மலையிலிருந்து வந்த நீரும் சமவெளியில் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை.

இந்தத் தொழில் இங்கே வேரூன்றியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் போரால் நின்றுபோக, 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து கையாலேயே மாவெடுக்கும் முயற்சியைத் தொடங்கினார். 1981-ல் ஆலைகளின் விற்பனைக்காகச் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-ல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

ஆலைக்குள் நடப்பது எளிமையான வேலை. கிழங்கைத் தோலுரித்துக் கழுவுகிறார்கள். அரவை இயந்திரத்தில் துருவிக் கூழாக்குகிறார்கள். தண்ணீர் விட்டுச் சல்லடையில் அலசுகிறார்கள். சக்கை தனியாக நிற்கும். அதற்குத் திப்பி என்று பெயர். மாட்டுத் தீவனமாகப் போகும். வடிந்த மாவுப்பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் தங்குகிறது. அந்த ஈர மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்தோ நீராவியில் வேகவைத்தோ களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. தொட்டியில் மாவுக்கு மேலே நின்ற தண்ணீரை என்ன செய்வது? ஒரு டன் கிழங்குக்குப் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அத்தனையும் கரைந்த சர்க்கரை, தங்காமல் மிதந்த நுண்மாவு, கொஞ்சம் புரதம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. வெளியே வரும்போதே புளிப்பு. ஓடையில் விட்டால் மீன் சாகும். குட்டையில் தேக்கினால் ஊர் நாறும், கிணறு கெடும். வசிஷ்ட நதிக் கரையோர மக்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நீரில் எவ்வளவு மாசு இருக்கிறது என்று ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். கழிவுநீரில் ஒரு சிறு அளவை எடுத்து, கந்தக அமிலமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். டைகுரோமேட் ஆரஞ்சு நிறம். தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுக்கக் கொடுக்கப் பச்சையாகிறது. கொடுத்த ஆக்சிஜன் நீரிலுள்ள மாவையும் சர்க்கரையையும் கரிவளியாகவும் நீராகவும் மாற்றுகிறது. அதாவது தண்ணீருக்குள்ளேயே அந்த அழுக்கை எரித்துவிடுகிறார்கள். சுடரில்லாத எரிப்பு. இதற்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவானதோ அந்த எண்தான் வேதி ஆக்சிஜன் தேவை. ஆலைக்காரர்கள் வாயில் சி.ஓ.டி. நீரை ஆற்றில் விட வேண்டுமென்றால் இந்த எண் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் பொது விதி. சேகோ ஆலை நீரில் சாதாரணமாகவே பல ஆயிரம் மில்லிகிராம் இருக்கும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் படிவத்தில் அது குற்றத்தின் அளவு. ஆனால் எதை அளந்தோம்? அந்த நீரில் எரியக்கூடிய பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தானே? விறகின் மதிப்பைச் சொல்லும் எண்ணும் இதே வகைதான். மாசின் அளவும் எரிபொருளின் அளவும் ஒரே எண். இதை நம் ஆலைகளும் அதிகாரிகளும் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் பொறியியல் வேலை.

இந்த எண்ணைக் கொண்டு வாயுவைக் கணக்கிடவும் முடியும். காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் மாவை உடைக்கும்போது வெளியிலிருந்து ஆக்சிஜன் எதுவும் உள்ளே வருவதில்லை. ஆகவே எரியும் தன்மை எங்கும் தொலைந்துபோக வழியில்லை. மாவிலிருந்து சர்க்கரைக்கும், சர்க்கரையிலிருந்து அமிலத்துக்கும், அமிலத்திலிருந்து மீத்தேனுக்கும் கைமாறுகிறது. நுண்ணுயிர்கள் தம் உடலை வளர்த்துக்கொள்ள எடுத்துக்கொள்வது ஒரு சிறு பங்குதான். மீத்தேன் 16 கிராம் எரிய 64 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ சி.ஓ.டி. முழுவதும் மீத்தேனாக மாறினால் 250 கிராம் கிடைக்கும். உறைநிலை வெப்பத்தில் அளந்தால் 350 லிட்டர், நம் ஊர் வெயிலில் 390 லிட்டர். எந்த ஆலையானாலும், எந்த நாட்டுத் தொட்டியானாலும் இந்த எண் மாறாது.

ஓர் ஆலை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீரை விடுகிறது, சி.ஓ.டி. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்கைத் தொட்டி செரித்தால் 400 கிலோ. கிடைக்கும் மீத்தேன் சுமார் 140 கன மீட்டர். சமையல் எரிவாயு சிலிண்டர் ஏழரை எரிந்தால் வரும் வெப்பம் இது. இயந்திரத்தில் எரித்து மின்சாரமாக்கினால் 450 யூனிட்டை ஒட்டி வரும். இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே நீரைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய முயன்றால், ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை மின்சாரத்தைச் செலவிட வேண்டியிருக்கும். நீக்கிய அழுக்கில் ஏறக்குறைய பாதி சகதியாக மாறி, அதை எங்கே கொட்டுவது என்ற புதுச் சிக்கலும் வரும்.

இனி, கழுநீர்ப் பானை ஏன் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்கலாம்.

மாவிலிருந்து மீத்தேன் வரை ஒரே உயிரி எல்லாவற்றையும் செய்வதில்லை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவர், பரிமாறுபவர், உண்பவர், எச்சில் இலை எடுப்பவர் என்று வரிசையாக வேலை நடக்கிறது. சமையல் எவ்வளவு வேகமாக முடிந்தாலும் இலை எடுப்பவர் வரவில்லையென்றால் அடுத்த பந்தி உட்கார முடியாது. கூடம் முழுக்க எச்சில் இலை நிறைந்து எல்லாம் ஸ்தம்பித்துவிடும். தொட்டிக்குள்ளும் அப்படித்தான். முதல் கூட்டம் மாவின் நீண்ட சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. இரண்டாம் கூட்டம் சர்க்கரையைப் பல்வேறு அமிலங்களாகப் புளிக்க வைக்கிறது. மூன்றாம் கூட்டம் அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும், அதாவது வினிகரின் புளிப்பாகவும், ஹைட்ரஜனாகவும் கரிவளியாகவும் உடைக்கிறது. நான்காவதாக வருபவர்கள்தான் இலை எடுப்பவர்கள்: அசெட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் எடுத்து மீத்தேனாக்குபவர்கள். இவர்களை மீத்தேனாக்கிகள் என்று சொல்லலாம்.

முதல் இரண்டு கூட்டமும் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். அசெட்டிக் அமிலத்தைத் தின்னும் மீத்தேனாக்கிகள் இரட்டிப்பாக நாள்கணக்காகும். அதோடு அவற்றுக்குப் புளிப்பு ஆகாது, காற்றும் ஆகாது. கழுநீர்ப் பானை புளித்தவுடனேயே அவை வளரும் வாய்ப்பு போய்விடுகிறது. மாட்டின் வயிற்றில் எச்சில் ஊறி ஊறிப் புளிப்பைத் தணித்துக்கொண்டே இருக்கிறது, காற்றும் இல்லை, மீத்தேனாக்கிகள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அசெட்டிக் அமிலத்தை மாடு தன் வயிற்றுச் சுவர் வழியே உறிஞ்சித் தன் உணவாக்கிக்கொள்கிறது. மாட்டின் மீத்தேன் பெரும்பாலும் ஹைட்ரஜனிலிருந்து வருவது. ஆலைத் தொட்டியில் அமிலத்தை உறிஞ்ச மாடு இல்லை. அந்த வேலையையும் மீத்தேனாக்கிகளே செய்தாக வேண்டும். தொட்டியில் எழும் மீத்தேனில் ஏறத்தாழ 70 விழுக்காடு அசெட்டிக் அமிலத்திலிருந்து வருகிறது.

இந்த 70 எப்படித் தெரிந்தது? மீத்தேனைப் பார்த்து இது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட அமிலத்தைத் தொட்டிக்குக் கொடுத்து, அந்த அடையாளம் எந்த வாயுவில் எவ்வளவு வெளிவருகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஜெரிஸ், மெக்கார்ட்டி இருவரும் 1965-ல் வெளியிட்ட ஆய்வு அது.

மீத்தேனாக்கிகளைப் பற்றிய அறிவு இப்படித்தான், ஒவ்வொரு முறையும் ஒரு பழைய நம்பிக்கையை உடைத்துக்கொண்டு வளர்ந்தது. 1776-ல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் குச்சியால் கிளறி, எழுந்த குமிழ்களைக் கவிழ்த்த குப்பியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார் அலெசாந்த்ரோ வோல்ட்டா. பிறகு மின்கலம் செய்து புகழ்பெற்றவர். அழுகிய தாவரம் கிடக்கும் சேற்றிலிருந்து எரியும் வாயு வருகிறது என்பது உறுதியானது. அதைச் செய்வது உயிர்கள் என்பது பிறகுதான் புரிந்தது. 1940-ல் பார்க்கர் என்ற அறிஞர் சாராயத்தைத் தின்று மீத்தேன் தரும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்ததாக அறிவித்து, அதற்கு மெத்தனோபாக்டீரியம் ஓமெலியான்ஸ்கியை என்று பெயரும் வைத்தார். பாடப்புத்தகங்களில் அது இடம்பிடித்தது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1967-ல், மார்வின் பிரையன்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் அப்படி ஓர் உயிரே இல்லை என்று காட்டினார்கள். அது இரண்டு உயிரிகள். ஒன்று சாராயத்தை உடைத்து ஹைட்ரஜனை விடுகிறது. மற்றது அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாக்குகிறது. பிரித்துத் தனியே வளர்த்தபோது முதலாவது சாராயத்தில் சரியாக வளரவே இல்லை. காரணம், சுற்றிலும் ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் அந்த வேலையில் அதற்கு ஆற்றல் மிச்சமாகாது. யாராவது உடனுக்குடன் அகற்றினால்தான் அது பிழைக்கும். தொட்டியின் மூன்றாம், நான்காம் கூட்டங்களும் இப்படி ஒன்றின் பிழைப்பு மற்றொன்றிடம் இருக்குமாறு பிணைந்திருக்கின்றன. இதைக் கூட்டுணவு வாழ்க்கை என்று சொல்லலாம்.

பிரையன்ட்டோடு அந்த ஆய்வில் இருந்தவர்களில் ஒருவர் ரால்ஃப் வுல்ஃப். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவர் வளர்த்துவந்த மீத்தேனாக்கிகளைக் கார்ல் வூஸ் வாங்கி, அவற்றின் ஆர்.என்.ஏ. வரிசையைப் படித்துப் பார்த்தார். 1977-ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் வெளியிட்ட முடிவு உயிரியலையே புரட்டிப் போட்டது. மீத்தேனாக்கிகள் பாக்டீரியாக்களே இல்லை. உயிர்களின் மூன்றாம் பெருங்கிளையைச் சேர்ந்தவை. ஆர்க்கியா, தமிழில் தொல்லுயிரிகள். சாணத்தொட்டியில் இருப்பவை என்று யாரும் பெரிதாக மதிக்காத உயிர்கள்தான் உயிர்மரத்தின் வரைபடத்தை மாற்றி வரைய வைத்தன. எனக்கு இதைவிட வியப்பான அறிவியல் வரலாறு அதிகம் தெரியாது.

ஆலைக்குத் திரும்புவோம். கழிவுநீரைத் திறந்த குட்டையில் தேக்கி வைப்பது பழைய வழக்கம். குட்டையின் அடிச்சேற்றில் மீத்தேனாக்கிகள் தாமாகவே குடியேறும். வேலையும் மெல்ல நடக்கும். கறுத்த நீரில் குமிழ்கள் எழும். ஆனால் அந்த வாயு முழுவதும் காற்றில் போகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் எடைக்கு எடை கரிவளியைப் போல் 28 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கை ஒட்டி வரும். திறந்த குட்டை எரிபொருளையும் இழக்கிறது, தீங்கையும் செய்கிறது. அதன்மேல் ஓர் உறையைப் போட்டு வாயுவைக் குழாயில் எடுத்து எரித்தாலே பெரும் பகுதித் தீங்கு நீங்கிவிடும்.

உறை போட்ட குட்டைக்கு இடம் நிறைய வேண்டும். நீர் பல நாள் தங்க வேண்டும். நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை என்பதால், நீரை வேகமாக விட்டால் அவையும் அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். நீரை வேகமாக விட வேண்டும், உயிர்களை உள்ளேயே வைத்துக்கொள்ளவும் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் வாகனிங்கன் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்ஸே லெட்டிங்கா. 1970-களில் சர்க்கரைக் கிழங்கு ஆலைக் கழிவுநீரில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவருடைய குழு, நீரைத் தொட்டியின் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறும்படி விட்டது. மணிக்கு ஒரு மீட்டரை ஒட்டிய ஏற்றம். லேசான உயிரிகளை அந்த ஓட்டம் கொண்டுபோய்விட்டது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை மட்டும் அடியில் தங்கின. மாதங்கள் போகப் போக அவை கடுகு அளவுக் கருமணிகளாகத் திரண்டன. ஒவ்வொரு மணிக்குள்ளும் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள்: அமிலம் செய்பவை வெளிப்புறத்தில், மீத்தேனாக்கிகள் உட்புறத்தில். கூட்டுணவுக்காரர்களுக்கு இதைவிட நெருங்கிய குடித்தனம் கிடைக்காது. ஒருவர் விட்ட ஹைட்ரஜனை அடுத்தவர் எடுக்க ஒரு முடியின் கனத்தைக்கூடக் கடக்க வேண்டியதில்லை. தொட்டியின் மேற்புறத்தில் கூம்பு வடிவத் தடுப்பு ஒன்று வாயுவை ஒரு வழியிலும் நீரை ஒரு வழியிலும் பிரித்து, மேலே வந்த மணிகளைத் திரும்பக் கீழே இறக்கிவிடும். கலக்கும் இயந்திரம் வேண்டாம், காற்றடிக்கும் மோட்டார் வேண்டாம். வாரக்கணக்கில் நடந்த வேலை இதில் மணிக்கணக்கில் முடிகிறது.

மேலெழு ஓட்டக் கசடுப்படுகை என்று இதை விளக்கலாம், பொறியாளர்கள் யு.ஏ.எஸ்.பி. என்பார்கள். இந்தியாவில் கான்பூர் ஜாஜ்மாவில், டச்சு ஒத்துழைப்போடு கங்கைச் செயல்திட்டத்தின் கீழ் 1989-ல் சாக்கடை நீருக்கு இது வந்தது. இந்தப் பணிக்காக லெட்டிங்காவுக்கு 2007-ல் டைலர் பரிசு கிடைத்தது. மீத்தேனாக்கிகளுக்குப் பிடித்த வெப்பம் 30 முதல் 37 டிகிரி. குளிர்நாட்டில் தொட்டியைச் சூடாக்க வாயுவில் ஒரு பங்கை எரிக்க வேண்டும். சின்னசேலத்தில் வெயில் அதை இலவசமாகச் செய்கிறது.

மரவள்ளி நீருக்கென்று சில தனிக் குணங்கள் உண்டு. கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. துருவும்போது கிழங்கின் சொந்த நொதியே அதை உடைத்துச் சயனைடை விடுவிக்கும். மரவள்ளியைப் பச்சையாகத் தின்னக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அந்தச் சயனைடு நீரில் கரைந்து தொட்டிக்கு வந்தால் மீத்தேனாக்கிகள் முதலில் முடங்கும். சிறிது சிறிதாகப் பழக்கினால் தாக்குப்பிடிக்கும். நீரில் புளிப்பு அதிகம். சுண்ணாம்பு சேர்க்கலாம், அல்லது தொட்டியிலிருந்து வெளிவரும் நீரில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டால் அதன் காரத்தன்மை புளிப்பைத் தணித்துவிடும். இரண்டாவது வழி செலவு குறைவு, எனக்கு அதுவே மேலாகத் தோன்றுகிறது. மாவில் நைட்ரஜன் இல்லை. அதனால் கொஞ்சம் சாணமோ யூரியாவோ சேர்த்து ஊட்ட வேண்டியிருக்கும். சாணத்தால் இன்னொரு பயனும் உண்டு: மாட்டின் வயிற்று மீத்தேனாக்கிகள் அதில் உயிரோடு வருகின்றன, புதுத் தொட்டிக்கு அதுவே உறை மோர்.

கந்தகம்தான் உண்மையான தொல்லை. மாவை வெளுப்பாக்க ரசாயனம் சேர்க்கும் வழக்கம் பற்றி நீண்ட காலமாகச் சர்ச்சை இருக்கிறது. கந்தக அமிலம் சேர்த்த நீர் தொட்டிக்குள் போனால், சல்பேட்டைத் தின்னும் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் மீத்தேனாக்கிகளின் உணவைப் பிடுங்கிக்கொள்கிறது. விளைவு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு. மீத்தேன் குறையும், மின் இயந்திரத்தின் உலோகம் அரிக்கும், அளவு மிஞ்சினால் மனிதனையே கொல்லும். வாயுவை இரும்புத் துரு நிரப்பிய கலத்தின் வழியே விட்டு இதை நீக்கலாம். வெளுப்புக்கான குளோரின் வகை ரசாயனமோ நுண்ணுயிர்களை நேராகவே கொல்லும். ஜவ்வரிசி பால்போல வெளுத்திருக்க வேண்டும் என்று கடையில் நாம் எதிர்பார்ப்பது, ஆலைக்குப் பின்னாலுள்ள தொட்டிவரை போய்ப் பாதிக்கிறது. சற்று மங்கலான ஜவ்வரிசியை வாங்கத் தயங்காதீர்கள். பாயசத்தில் நிறம் தெரியாது.

கிழங்கு பருவப் பயிர், ஆலை ஆண்டு முழுவதும் ஓடாது, ஓடாத மாதங்களில் உயிர்கள் செத்துப்போகாதா என்று ஆலைக்காரர்கள் கேட்பதுண்டு. சாகாது. திரண்ட மணிகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, நீர் வந்ததும் சில நாளில் எழுந்து வேலை செய்யும். ஆண்டுக்கொருமுறை அறுவடைக்குக் கிழங்கு வரும் ஊருக்கு இது பெரிய வரம்.

தாய்லாந்தைப் பாருங்கள். மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதியில் உலகில் முதலிடம் அந்த நாட்டுக்கு. அங்கும் இதே கறுத்த குட்டைகள்தான் இருந்தன. 2003-ல் நக்கோன் ராட்சசிமாவில் ஒரு பெரிய ஸ்டார்ச் ஆலையின் கழிவுநீருக்கு உறையிட்ட தொட்டி அமைத்து, வாயுவால் மாவை உலர்த்தவும் மின்சாரம் எடுக்கவும் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டின் பெரும்பாலான ஸ்டார்ச் ஆலைகள் அதைப் பின்பற்றின. நம்மிடமும் சேலம், ஈரோடு பக்கத்தில் சில பெரிய ஆலைகள் இதைச் செய்கின்றன. சென்னைக் குடிநீர் வாரியத்தின் கோயம்பேடு, பெருங்குடி போன்ற கழிவுநீர் நிலையங்கள் கசடு வாயுவிலிருந்து தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை எடுக்கின்றன. ஆகவே இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிது கிடையாது. சிறிய சேகோ ஆலைகளுக்கு அது எட்டாமல் இருப்பதுதான் குறை. தனியாகத் தொட்டி கட்டும் முதலும் அதைக் கவனிக்கத் தெரிந்த ஆளும் சிறு ஆலைக்குக் கிடைப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து ஆலைகள் சேர்ந்து ஒரு பொதுத் தொட்டி அமைத்துக்கொள்ளலாம். விற்பனைக்குக் கூட்டுறவு கண்ட தொழில், கழிவுநீருக்குக் கூட்டுறவு காண முடியாதா? 2022 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் தொழிற்கழிவிலிருந்து ஆற்றல் எடுக்க நிதியுதவிக்கும் இடம் தரப்பட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் தொட்டி நீரை முழுவதும் தூய்மையாக்காது. 5,000-ல் ஐந்தில் நான்கு பங்கு போனாலும் 1,000 மிஞ்சும். விதி கேட்பது 250. மிச்சத்துக்குக் காற்றூட்டும் தொட்டி இன்னொன்று வேண்டும். முன்னதில் கிடைத்த மின்சாரத்தில் ஒரு பகுதியே அதை ஓட்டப் போதும். வாயு கிடைத்துவிட்டது என்று அந்த இரண்டாம் தொட்டியைக் கட்டாமல் விடும் ஆலை, தன் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறது.

சின்னசேலம், ஆத்தூர், தலைவாசல் பக்கத்தில் ஓர் ஆலை வாயுத் தொட்டி கட்டியிருப்பதாகச் சொன்னால் ஊர்க்காரர்கள் நான்கு எண்களைக் கேளுங்கள். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் உள்ளே போகிறது, அந்த நீரின் சி.ஓ.டி. எவ்வளவு, வெளியே வரும் நீரின் சி.ஓ.டி. எவ்வளவு, வாயு மீட்டர் நாளொன்றுக்கு எவ்வளவு காட்டுகிறது? வாயுவில் மீத்தேன் 60 விழுக்காடு என்று கொண்டால், குறைந்த ஒவ்வொரு கிலோ சி.ஓ.டி.க்கும் மீட்டரில் 600 லிட்டரை ஒட்டி ஓடியிருக்க வேண்டும். கொஞ்சம் குறைவது இயல்பு. பாதிகூட இல்லையென்றால் வாயு எங்கோ கசிகிறது, அல்லது நீர் தொட்டிக்குப் போகாமல் ஓடைக்குப் போகிறது. கிராம சபையில் இந்தக் கணக்கைக் கேட்க எந்தப் பட்டமும் தேவையில்லை. கேளுங்கள்.